கொத்தமல்லித் தண்ணியும் கொஞ்சம் விஞ்ஞானமும்

தடிமனுக்கு மருந்து சொல்லத் தெரியாத மனிதரை எங்கள் கிழக்குக் கரையில் நான் கண்டதில்லை. வாடைக்காற்று வீசத் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் ஈரம் ஊறும் கார்த்திகை, மார்கழி நாட்களில் பள்ளிவாசல் ஹவுளடியில் நின்று ஒரு தடவை தும்மிப் பாருங்கள். வுழூச் செய்துகொண்டிருக்கும் நாலு பேர் நாலு மருந்து சொல்வார்கள். ஒருவர் கொத்தமல்லி என்பார். மற்றவர் வேர்க்கொம்புக் கோப்பி என்பார். மூன்றாமவர் கருஞ்சீரகத்தை வறுத்துத் துணியில் முடிந்து மோந்து பார்க்கச் சொல்வார். நாலாமவர் இளைஞராயிருப்பார், இரண்டு பனடோலைப் போட்டுவிட்டுப் படுங்கள் என்பார்.

இந்த மருந்துகளைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுத்தான் உண்டு. நம் முன்னோர் செய்ததெல்லாம் விஞ்ஞானம், மேற்கு நாட்டான் இப்போதுதான் கண்டுபிடிக்கிறான் என்பது ஒன்று. எல்லாம் படிப்பறிவற்ற கிழவிகளின் வேலை என்பது மற்றது. இரண்டுமே சிந்திக்கும் சிரமத்தை மிச்சப்படுத்துகின்றன. நான் சிறுவயதிலிருந்தே முட்டு வருத்தக்காரன். மாரி வந்தால் நெஞ்சுக்குள் பூனை கத்தும். ஆதலால் இந்த மருந்துகள் எனக்கு வெறும் பேச்சுப் பொருளல்ல. நான் குடித்து வளர்ந்தவை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பார்க்கும் ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

எங்கள் வீட்டின் வைத்தியர் மூத்தம்மாதான். எழுதப் படிக்கத் தெரியாது. குர்ஆன் ஓதத் தெரியும். அவருடைய மருந்துப் பெட்டி வேலியிலும் அடுப்படியிலும் பரந்து கிடந்தது. வேலியில் ஆடாதோடையும் நொச்சியும். கிணற்றடியில் கற்பூரவள்ளி. அடுப்படித் தட்டில் கொத்தமல்லி, மிளகு, திப்பிலி, வேர்க்கொம்பு. ஒரு சிறு போத்தலில் தேன். சந்தையில் சிங்கள வியாபாரியிடமிருந்து வாங்கிய பஸ்பங்குவப் பொதி. கொத்தமல்லி, இஞ்சி, மரமஞ்சள், பற்பாடகம், கண்டங்கத்திரி என ஐந்து சரக்கும் அந்தப் பொதிக்குள் இருக்கும். எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்ற வைப்பார். "இதக் குடிச்சிற்றுப் போத்துக்கிட்டுப் படு மகன், விடியக்குள்ள சளி இளகிரும்" என்பார். அந்தக் கசப்பைக் குடிப்பதை விட சளியே மேல் என்று அன்று எனக்குத் தோன்றும்.

முதலில் ஆடாதோடையை எடுத்துக்கொள்வோம். ஆடு தொடாத இலையென்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள். இந்தப் பெயரே உலகத் தாவரவியலில் நிலைத்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரின் மருத்துவராக இலங்கையிலிருந்த போல் ஹெர்மன் இங்கே சேகரித்துச் சென்ற செடிகளை வைத்துத்தான் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தமது நூலை எழுதினார். 1753இல் அவர் இந்தச் செடிக்கு இட்ட பெயர் 'ஜஸ்டிசியா அடதோடா'. எங்கள் வேலியில் நின்ற செடியின் பெயர் லத்தீனுக்குள் போனது அப்படித்தான்.

பெயர் மட்டும் போகவில்லை. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற காரப்பொருளை ஆராய்ந்த மருந்தாக்குநர்கள் அதன் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். அது 1963இல் சந்தைக்கு வந்தது. 'பிசோல்வன்' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள், அதுதான் இது. அந்த மருந்து உடலுக்குள் மாறி உருவாகும் பொருள்களில் ஒன்றுதான் அம்புரொக்சோல். இன்று பார்மசியில் சளி இளக்கும் பாணி கேட்டால் இரண்டிலொன்று கையில் வரும்.

ஒன்பது பத்து வயதிருக்கும்போது வாப்பா என்னை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றார். அங்கிருந்த டொக்டர், ஆடாதோடைக் கசாயம் கொடுத்ததாக மூத்தம்மா சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "கண்ட இலைகளையும் அவிச்சிக் குடுத்துப் பிள்ளைய நாசமாக்காதீங்க" என்றார். பிறகு துண்டில் எழுதிக் கொடுத்த மருந்துகளில் பிசோல்வன் குளிசையும் ஒன்று. மூத்தம்மா எதுவும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குளிசையும் அவருடைய வேலிச் செடியும் ஒரே குடும்பத்து உறவுகள் என்பதை நான் பல்கலைக்கழகக் காலத்தில் வாசித்தபோது அவர் உயிருடன் இல்லை.

ஆயினும் இக்கதையை முன்னோர் பெருமையாக மட்டும் முடிப்பது சரியல்ல. அந்தச் செடி முன்மாதிரியானது உண்மை; ஆனால் குளிசையில் எத்தனை மில்லிகிராம் என்பது எழுதியிருக்கும், மூத்தம்மாவின் முட்டியில் எவ்வளவு என்பது இலையின் முற்றலையும் மழையையும் அவருடைய கைப்பிடியையும் பொறுத்தது. வாசிசினுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது கருப்பையைச் சுருங்கச் செய்யக் கூடியது. கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை ஆகாது என்று பரிசாரிமார் சொல்லி வந்ததற்கும் அதுவே காரணம். இலைதானே, ஒன்றும் செய்யாது என்ற பேச்சு இங்கே தோற்றுப்போகிறது. பலன் செய்யும் பொருளுக்குப் பக்க விளைவு செய்யும் ஆற்றலும் உண்டு. போதாததற்கு, புரோம்ஹெக்சினின் பலனும் மிதமானதுதான். முட்டு வருத்தத்தின் போது இறுகும் மூச்சுக் குழாயை அது விரிப்பதில்லை. அதற்கு வேறு மருந்து வேண்டும்.

குழாயை விரிப்பதைப் பற்றிச் சொல்லும்போது மூத்தம்மாவின் வேர்க்கொம்புக் கோப்பியை மறக்க முடியாது. முட்டு எழும்பிய இரவுகளில் சீனி குறைத்துக் கடுங்கோப்பி ஊற்றித் தருவார். இது அவருடைய கண்டுபிடிப்பல்ல. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹைட் சால்ட்டர் என்ற மருத்துவர், தாமே ஆஸ்துமாக்காரர், கடுங்கோப்பியை இந்நோய்க்குச் சிறந்த மருந்துகளில் ஒன்றாகப் பரிந்துரைத்தார். கோப்பியிலுள்ள கஃபீன் மூச்சுக் குழாயைச் சிறிதளவு விரிப்பதும், அந்தப் பலன் நாலு மணித்தியாலம் வரை நீடிக்கக் கூடியதும் பின்வந்த ஆய்வுகளில் உறுதியாகியிருக்கின்றன. அதன் உறவுக்காரப் பொருளான தியோஃபிலினை 1888இல் அல்பிரெக்ட் கொசல் தேயிலையிலிருந்துதான் பிரித்தெடுத்தார். பிற்காலத்தில் அது ஆஸ்துமாக் குளிசையாயிற்று. ஆனால் ஒரு கோப்பை தேநீரில் உள்ள தியோஃபிலின் மிகச் சொற்பம். கோப்பியின் பலனும் இன்றைய இன்ஹேலரின் அருகில் நிற்காது.

அடுத்தது வேது பிடித்தல். நொச்சியும் கற்பூரவள்ளியும் போட்டுக் கொதித்த முட்டியைக் காலடியில் வைத்து, கம்பளியால் மூடிக்கொண்டு குனிந்திருப்போம். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓடும். வெளியே வரும்போது உலகமே திறந்துவிட்டதுபோல் இருக்கும். இந்தச் சூடான ஈரக்காற்றுத் தடிமனைக் குறைக்கிறதா என்று பார்த்த ஆறு பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து மதிப்பிட்ட கொக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டு அறிக்கை, உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை என்ற முடிவுக்கே வந்தது. தீங்கு மட்டும் தெளிவாகத் தெரிகிறது. கொதிநீர் கவிழ்ந்து குழந்தைகள் சுடுபட்ட சம்பவங்கள் கோவிட் காலத்தில் பிரித்தானியாவில் பெருகியதால், வேது பிடிப்பதை ஊக்குவிக்க வேண்டாமென்று அங்குள்ள தீக்காய மருத்துவர்கள் 2020இல் எச்சரித்தார்கள்.

அப்படியானால் மூக்குத் திறந்தது போலிருந்த அந்த உணர்வு? தடிமன் பற்றிய ஆய்வுகளில் நான் மிகவும் ரசித்தது இதற்கான விடையைத்தான். பாமிலும் கற்பூரத் தைலங்களிலும் உள்ள மென்தோல் பற்றி பிரித்தானியாவின் கார்டிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரொன் எக்கிள்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மென்தோலை நுகர்ந்தவர்கள் மூக்கு நன்றாகத் திறந்துவிட்டது என்றார்கள். கருவியை வைத்து அளந்தபோது காற்று செல்லும் அளவில் மாற்றமே இல்லை. மூக்குக்குள் குளிரை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. காற்று உள்ளே போகும்போது ஏற்படும் குளிர்ச்சியை வைத்துத்தான் மூளை மூச்சு நன்றாகப் போகிறது என்று அறிகிறது. மென்தோல் அந்த நரம்பு முனையை நேரடியாகத் தட்டிவிடுகிறது. காற்று கூடாமலே குளிர்ச்சி கூடுகிறது. குளிரையும் மென்தோலையும் ஒருங்கே உணரும் இந்த வாயில் 2002இல் கண்டறியப்பட்டது. அதைக் கண்டவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் படபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். மிளகாயின் காரம் சூட்டை உணரும் வாயிலைத் தட்டுகிறது என்பதையும் ஜூலியஸின் ஆய்வுகூடமே 1997இல் கண்டிருந்தது. இஞ்சியின் காரமும் மிளகின் காரமும் அதே வாயிலைத்தான் தட்டுகின்றன.

இதே கார்டிப் நிலையத்தில் 2008இல் இன்னொரு சிறிய ஆய்வு நடந்தது. தடிமன் பிடித்த 30 பேருக்குப் பழச்சாற்றுப் பானம் ஒன்றைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். சூடாகக் குடித்தவர்களுக்கு மூக்கொழுகல், இருமல், தும்மல், தொண்டைநோ, குளிர், களைப்பு எல்லாம் உடனே குறைந்ததாகத் தோன்றியது. அது சற்று நேரம் நீடிக்கவும் செய்தது. கருவி அளந்த மூச்சுப் போக்கில் மட்டும் மாற்றமில்லை. சூடு, இனிப்பு, மணம் ஆகியவை உமிழ்நீரையும் தொண்டைப் பிசுபிசுப்பையும் தூண்டித் தொண்டையைத் தணிக்கின்றன என்பது அவர்களுடைய விளக்கம்.

கொத்தமல்லித் தண்ணியின் நியாயம் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கொத்தமல்லி விதை தடிமனைக் குறைக்கும் என்று நிறுவிய பெரிய பரிசோதனை எதுவும் கிடையாது. ஆய்வுகூடத் தட்டில் கிருமியைக் கொன்றது என்று வரும் செய்திகளை நம்பி ஓட வேண்டியதில்லை. தட்டில் கிருமியைக் கொல்லும் பொருட்கள் எத்தனையோ உண்டு. சவர்க்காரத் தண்ணீரும் கொல்லும். ஆனால் சூடான தண்ணீர், இஞ்சியின் காரம், பனங்கட்டித் துண்டு ஒன்று, போர்வைக்குள் ஓர் இரவு என்பவை சேர்ந்து நோயாளியைத் தேற்றுகின்றன. தடிமன் என்பது இருநூறுக்கும் மேற்பட்ட வைரசுகளில் ஏதோவொன்றால் வந்து தானாகவே போய்விடும் நோய். இருமல் மட்டும் நாம் நினைப்பதைவிடப் பிந்திப் போகும். சராசரியாகச் சுமார் 18 நாட்கள் நிற்குமென்று 2013இல் வெளியான ஓர் அமெரிக்க மதிப்பீடு காட்டியது. மக்கள் எதிர்பார்ப்பதோ ஏழெட்டு நாட்கள். இந்த இடைவெளியில்தான் தேவையற்ற அன்டிபயோட்டிக் விழுங்கப்படுகிறது. வைரசை அது ஒன்றும் செய்யாது. அந்தப் பத்து நாட்களையும் கொத்தமல்லித் தண்ணியோடு கடத்துகிறவர் அந்த வகையில் புத்திசாலிதான்.

தேன் சற்று வேறுபட்ட கதை. அந்நஹ்ல் அத்தியாயம் தேனில் மனிதருக்கு நிவாரணம் இருப்பதைச் சொல்வது வாசகர்கள் அறிந்ததே. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தடிமனும் இராத்திரி இருமலும் கொண்ட 105 பிள்ளைகளிடம் நடந்த பரிசோதனை 2007இல் வெளிவந்தது. படுப்பதற்கு முன் ஒரு பகுதியினருக்குத் தேன், ஒரு பகுதியினருக்கு வழக்கமான இருமல் மருந்தான டெக்ஸ்ட்ரோமெதோர்பன், ஒரு பகுதியினருக்கு ஒன்றுமில்லை. பெற்றோரின் மதிப்பீட்டில் தேனே முன்னுக்கு நின்றது. பார்மசி மருந்தோ ஒன்றும் கொடுக்காததை விடக் குறிப்பிடும்படி மேலாக இருக்கவில்லை. 2012இல் 300 பிள்ளைகளிடம் தேனைப் பேரீச்சம்பழப் பாணியோடு ஒப்பிட்டபோதும் தேனே வென்றது. 2018 முதல் பிரித்தானிய வழிகாட்டலிலும் இருமலுக்குத் தேன் இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. தேனில் பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர் வயிற்றில் அவை முளைப்பதில்லை. குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்திவிடக் கூடும். தஹ்னீக் என்பது பேரீச்சம்பழத்தோடு தொடர்புபட்டது. தேன் வேண்டுமென்று எந்தக் கடமையும் இல்லை. இதைப் பள்ளிவாசல்களில் கதீப்மார் ஒரு ஜும்ஆவில் சொன்னால் நூறு துண்டுப் பிரசுரங்களுக்குச் சமம்.

இனிக் கருஞ்சீரகத்துக்கு வருவோம். இதில் நம்மவர் பலர் தயங்குவார்கள். மார்க்க விஷயமாயிற்றே என்று. மரணத்தைத் தவிர மற்றெல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற கருத்திலமைந்த நபிமொழி புகாரியின் மருத்துவ அத்தியாயத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சம்பவமும் வருகிறது. பயணத்தில் நோயுற்ற காலிப் இப்னு அப்ஜர் என்பவரைப் பார்க்க வந்த இப்னு அபீ அதீக், ஐந்து அல்லது ஏழு விதைகளை நசுக்கி எண்ணெயில் கலந்து மூக்கின் இரு துவாரங்களிலும் விடச் சொல்கிறார். அவருக்கிருந்தது தடிமனாக இருக்கலாமென்று விரிவுரையாளர்கள் கருதியிருக்கிறார்கள். வறுத்துத் துணியில் முடிந்து மோந்து பார்க்கும் எங்களூர் வழக்கமும் புதிதன்று. இப்னுல் கையிமின் நூலிலேயே அது உண்டு.

கவனிக்க வேண்டியது, அந்த முன்னோர் இந்த நபிமொழியை எப்படி விளங்கினார்கள் என்பதை. சொல் பொதுவாக இருந்தாலும் கருத்துக் குறிப்பானது, எல்லா நோயையும் ஒரு செடி தீர்க்கும் என்பது பொருளல்ல என்று கத்தாபீ விளக்கினார். குளிர்ச்சியால் வரும் நோய்களுக்கே அது உரியது என்று இப்னுல் கையிம் எழுதினார். 1406இல் மறைந்த இப்னு கல்தூனோ இன்னும் ஒரு படி மேலே போய், நபியவர்கள் மார்க்கத்தைக் கற்பிக்க அனுப்பப்பட்டார்களேயன்றி மருத்துவத்தைக் கற்பிக்க அல்ல, அந்த மருந்துகள் அரபுகளிடையே இருந்த அனுபவ வழக்கங்கள் என்று முகத்திமாவில் வாதிட்டார். இவர்களில் யாருடைய கருத்தை ஏற்பது என்பது உலமாக்களின் வேலை. ஆனால் இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன் இவ்வளவு சுதந்திரமாகப் பேசிய ஒரு மரபுக்கு வாரிசுகளான நாம், இன்று கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தை விமர்சித்தாலே ஈமானைச் சந்தேகிக்கிறோம். 2017இல் சவூதி ஆய்வாளர்கள் 80 ஆஸ்துமாக்காரர்களிடம் நாலு வாரம் கருஞ்சீரக எண்ணெயைப் பரிசோதித்தபோது, வழக்கமான மருந்தோடு சேர்த்து அதை எடுத்தவர்களின் நோய்க் கட்டுப்பாடு சற்று மேம்பட்டிருந்தது. நல்ல செய்திதான். வழக்கமான மருந்தோடு சேர்த்து என்பதை மட்டும் விளம்பரங்கள் சொல்வதில்லை.

இதுவரை சொன்னதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்ததைக் கவனித்திருப்பீர்கள். இந்த மருந்துகளிற் பல நோயை மாற்றுவதில்லை. நோயின் வாதையை மாற்றுகின்றன. சாதாரணத் தடிமனில் அது போதும், அதற்கு மேல் வேண்டியதில்லை. தடிமன்போல் தோன்றும் வேறொன்றில் அதே குணம் ஆளைக் கொன்றுவிடும். இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

2020இல் நாடு முழுவதும் கொத்தமல்லி மணந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துத் தயாரித்த பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததையும், சுகாதார அமைச்சரே அதைப் பகிரங்கமாகக் குடித்ததையும், 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானதையும் நாம் பார்த்தோம். ஆனால் எங்கள் தெருக்களில் கொத்தமல்லி கொதித்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி, கோவிட்டால் மரணித்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் நடந்தது இது. பிறந்து 20 நாளேயான குழந்தையின் ஜனாஸாவும் அவ்வாண்டு டிசம்பரில் எரிக்கப்பட்டது. அதன் பின் இருமலை வெளியில் கேட்க விடாத வீடுகள் எங்களூரில் எத்தனையோ.

எங்கள் தெருவில் ஒரு காக்கா, தையல்காரர், அறுபதைத் தாண்டியவர். காய்ச்சலும் இருமலும் தொடங்கி ஒரு வாரமாகியும் கதவு திறக்கவில்லை. சுவருக்கு மேலால் கொத்தமல்லி வாசமும் நொச்சி வாசமும் வரும். கேட்டால், "தடிமன்தான், இப்ப லேசாயிருக்கு" என்று அவருடைய மகள் சொல்வாள். அவள் பொய் சொல்லவில்லை. வேது பிடித்து, பாம் பூசி, சூடாகக் குடித்த பின் அவருக்கு உண்மையாகவே லேசாக இருந்தது. ஒன்பதாம் நாள் ஜமாஅத் இளைஞர்கள் இருவர் விரலில் மாட்டும் ஒக்சிமீற்றரோடு போனார்கள். 84 காட்டியது. 95க்குக் குறையக் கூடாத இடத்தில் 84. ஆனாலும் அவர் கதிரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஒக்சிசன் குறைந்தும் மூச்சுத் திணறலை உணராத நிலை அந்த நோயின் விசித்திரங்களில் ஒன்று.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்றபோது அவர் சொன்னதை வாசலில் நின்று நானும் கேட்டேன். "மௌத்துக்குப் பயமில்ல தம்பி. நெருப்புக்குத்தான் பயம்." மகள் காலைப் பிடித்து அழுத பிறகே அம்புலன்சில் ஏறினார். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார், அல்ஹம்துலில்லாஹ். இப்போதும் நடக்கும்போது மூச்சு வாங்கும்; தையல் மெசினில் மகள்தான் இருக்கிறாள்.

அவரை வீட்டுக்குள் வைத்தது கொத்தமல்லி மீதிருந்த மூடநம்பிக்கை என்று யாராவது எழுதினால் அது அநியாயம். மருந்தைத் தேடும் பாதையில் அரசே நெருப்பை மூட்டி வைத்திருந்தது. 2021 பெப்ரவரி 25இல் அந்த விதி மாற்றப்பட்டு, மார்ச் மாதத்தில் ஒட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. மனிதர்கள் கைவைத்தியத்தில் ஒளிந்துகொள்வதற்கு அறியாமை மட்டுமே காரணமல்ல. ஆஸ்பத்திரியில் தனக்கு மரியாதை உண்டா என்ற கேள்வியும் காரணம். முந்தானையால் முகம் துடைத்த மூத்தம்மாவும் அதன் பிறகு அந்த டொக்டரிடம் எந்த மருந்தைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. நோயாளி எதைக் குடித்தார் என்பது தெரியாமல் மருந்து எழுதுவது டொக்டருக்கும் நல்லதல்ல.

ஆகவே கைவைத்தியத்துக்கு ஓர் எல்லைக்கோடு வேண்டும். அதை எந்த உம்மாவும் கடிகாரத்தை வைத்தே பார்க்கலாம். பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அது நிமோனியாவாக இருக்கலாமென்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ முட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு ஓட வேண்டியதுதான். பெரியவர்களுக்கு, பேசி முடிக்க முடியாத மூச்சுத் திணறலும் நெஞ்சுநோவும் சளியில் இரத்தமும் அந்த எல்லைக்கோடு. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலென்றால் சயரோகத்துக்கான சளிப் பரிசோதனை அவசியம். அதற்குக் கொத்தமல்லி பதிலாகாது.

கண்டி மன்னர் காலத்தில் கோபால மரபைச் சேர்ந்த முஸ்லிம் மருத்துவர்கள் அரண்மனை வைத்தியர்களாயிருந்ததை லோர்னா தேவராஜா 1994இல் வெளியான தமது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் யூனானியையும் சித்த வைத்தியத்தையும் ஆயுர்வேதத்தோடு சேர்த்தே அங்கீகரித்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானி கற்பிக்கப்படுகிறது. அங்கே படித்துவரும் நம் பிள்ளைகளிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. மேடைகளில் இப்னு சீனாவின் புகழ் பாடுவது போதும். நம்மூர்க் கிழவிகளிடம் போய் எந்தச் செடி, எந்தப் பகுதி, எவ்வளவு, எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதைச் சோதியுங்கள். பலனில்லையென்றால் இல்லையென்றும் எழுதுங்கள்.

என் மூத்தம்மாவின் அளவுகளில் எனக்கு நினைவிருப்பது எட்டுக்கொன்று என்ற வற்றல் மட்டுமே. கசாயத்தில் திப்பிலி எத்தனை போட்டார் என்பது உம்மாவுக்கும் தெரியவில்லை. வேலியிருந்த இடத்தில் இப்போது மதில் நிற்கிறது. ஆடாதோடைக் கம்பொன்றைப் பக்கத்து ஊரிலிருந்து கொண்டுவந்து மதிலோரம் ஊன்றியிருக்கிறேன். வேர் பிடித்துவிட்டது. என்னுடைய இன்ஹேலர் அடுப்படித் தட்டில் கொத்தமல்லிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எது எப்போது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.